ஆப்பிள் கிரிஸ்ப்: மேலே மொறுமொறு, அடியில் கெட்டி (அளவுகளும் சந்தேகங்களும்)

மாவுக்கரண்டி:

கிரிஸ்ப் பற்றிய கேள்விகள் கேக் இழையிலும் குக்கீ இழையிலும் சிதறிக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிடலாம். கிரிஸ்ப் என்றால், வெட்டிய பழத்தின்மேல் ஓட்ஸும் வெண்ணெயும் சேர்த்துப் பிசிறிய மாவைத் தூவி ஓவனில் வேகவைக்கும் இனிப்பு. முட்டை இல்லை, பேக்கிங் பவுடர் இல்லை, ஐசிங் இல்லை. கேக் சரியாக வராதவர்களுக்கும் இது வரும். ஆனால் இரண்டு இடங்களில் சறுக்கும்: அடியில் தண்ணீர் நிற்பது, மேல்மாவு ஊறிப்போவது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், பழத்தில் இருக்கும் தண்ணீர்.

20 செ.மீ. சதுரத் தட்டு, ஆழம் 5 செ.மீ. ஆறு பேருக்குத் தாராளம்.

பழத்துக்கு: தோல் சீவி விதைப்பகுதி நீக்கிய ஆப்பிள் 1 கிலோ (முழுசாக 1.25 கிலோ வாங்குங்க, கால் கிலோ கழிவில் போகும்), சர்க்கரை 60 கிராம், கார்ன்ஃப்ளார் 1 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி, பட்டைத்தூள் 1 தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு.

மேல்மாவுக்கு: மைதா 90 கிராம், ரோல்டு ஓட்ஸ் (தட்டையாக நசுக்கிய ரகம்) 90 கிராம், பிரவுன் சுகர் 100 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 110 கிராம், உப்பு கால் தேக்கரண்டி, பட்டைத்தூள் அரைத் தேக்கரண்டி.

ஓவனை 180 டிகிரிக்குச் சூடாக்கிக்கொண்டே வேலையைத் தொடங்கலாம். ஆப்பிளை 6 மி.மீ. தடிப்பில் சீவல்களாக வெட்டுங்க. தடிப்பு எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருப்பது முக்கியம். சில துண்டு 3 மி.மீ., சில துண்டு 1 செ.மீ. என்று இருந்தால் ஒன்று கூழாகும்போது இன்னொன்று நறுக்கென்று நிற்கும்.

சர்க்கரையையும் கார்ன்ஃப்ளாரையும் தனியாகக் கலந்துகொண்டு அதன்பிறகு பழத்தில் தூவுங்க. கார்ன்ஃப்ளாரை நேரடியாக ஈரப் பழத்தில் போட்டால் கட்டி தட்டும். எலுமிச்சைச் சாறு, பட்டை, உப்பு சேர்த்துப் புரட்டித் தட்டில் சமமாக அமர்த்துங்க.

மேல்மாவில் குளிர்ந்த வெண்ணெயைச் சின்னத் துண்டுகளாகப் போட்டு விரல் நுனியால் பிசிறணும். உள்ளங்கை படக்கூடாது, வெண்ணெய் உருகிவிடும். புட்டு மாவுபோல உதிரும் பதம் வந்த பிறகும் இன்னும் கொஞ்சம் போங்க. கையில் பிடித்து அழுத்தினால் பட்டாணி அளவுக் கட்டிகள் நிற்கணும். பழத்தின்மேல் தூவிவிடுங்க, அழுத்தாதீங்க.

45 முதல் 50 நிமிடம். எடுத்த உடனே பரிமாறக்கூடாது, குறைந்தது 20 நிமிடம் ஆறட்டும்.

கரூர்ப்பெண்:

அக்கா, அளவுகளுக்கு நன்றி. ரெண்டு சந்தேகம். நிறம் பொன்னிறமா வந்துட்டா எடுத்துடலாமா? அப்புறம் எங்க ஊர்க் கடையில ஓட்ஸ்னு கேட்டா குடுக்கறது எல்லாம் உடனே வேகற ரகம்தான். அது போதுமா?

மாவுக்கரண்டி:

நிறத்தை நம்பாதீங்கம்மா. பிரவுன் சுகர் போட்ட மேல்மாவு 30 நிமிடத்திலேயே சிவந்துவிடும். பழம் அப்போது பாதி வேக்காட்டில்தான் இருக்கும். பார்க்க வேண்டியது கொப்புளத்தை. முதலில் ஓரத்தில் எழும்புவது சின்னக் கொப்புளம், வந்த வேகத்தில் உடையும். அது வெறும் சாறு கொதிப்பது. கார்ன்ஃப்ளார் வெந்து இறுகிய பிறகு கொப்புளம் பெரிசாக, மெதுவாக எழும்பி, ஒரு நொடி நின்று 'பொளக்' என்று உடையும். சுற்றிலும் பளபளவென்று ஒரு பாகு விளிம்பு தெரியும். ஓரத்தில் மட்டும் அப்படி வந்தால் போதாது. தட்டின் நடுவிலும் மேல்மாவைப் பிளந்துகொண்டு இரண்டு மூன்று இடத்தில் வரணும். கார்ன்ஃப்ளார் முழுசாகக் கெட்டியாக 95 டிகிரியை ஒட்டிய சூடு தேவை. நடுப்பகுதி அந்தச் சூட்டுக்குக் கடைசியில்தான் வரும். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் வைத்துப் பாருங்க.

உடனே வேகும் ஓட்ஸ் மெல்லிசு, சீக்கிரம் ஈரம் குடிக்கும். கடித்தால் ஓட்ஸ் என்றே தெரியாது, மாவாகிவிடும். அதுதான் கிடைக்கிறது என்றால் ஓட்ஸை 70 கிராமாகக் குறைத்து 20 கிராம் அவலைக் கெட்டி ரகமாகச் சேருங்க. அவல் நன்றாக மொறுமொறுக்கும். ஸ்டீல் கட் ஓட்ஸ் (நசுக்காமல் குருணையாக வெட்டியது) மட்டும் வேண்டவே வேண்டாம், 50 நிமிடத்துக்குப் பிறகும் பல்லில் கல்லாக நிற்கும்.

ஒண்டாரியோக்காரன்:

அளவு சரி. ஆப்பிள் ரகம் சொல்லாமல் விட்டது பெரிய குறை. 1 கிலோ ஆப்பிள் என்றால் எந்த ஆப்பிள்? பாதி முடிவு அங்கேயே இருக்கிறது.

கனடா, அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு: கிரானி ஸ்மித் புளிப்பும் உறுதியும் உள்ளது, ஆண்டு முழுக்கக் கிடைக்கும், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆனால் அது மட்டுமே போட்டால் வாசனை தட்டையாக இருக்கும். ஹனிகிரிஸ்ப் (மினசோட்டா பல்கலைக்கழகம் 1991இல் வெளியிட்ட ரகம்) வெந்தாலும் உருக்குலையாது, இனிப்பும் உண்டு. இரண்டையும் பாதிப் பாதி போடுவதுதான் என் பரிந்துரை. ஒண்டாரியோவில் அக்டோபரில் நார்தர்ன் ஸ்பை கண்ணில் பட்டால் வேறெதையும் பார்க்காதீர்கள், ஆப்பிள் பை (pie) செய்யவும் கிரிஸ்ப் செய்யவும் அதற்கு நிகர் இல்லை.

மெக்கின்டாஷ் இந்த ஊர்ப் பழம்தான். 1811இல் டண்டெலா என்ற கிராமத்தில் கண்டெடுத்த கன்றிலிருந்து வந்தது. மணம் அருமை. ஆனால் 25 நிமிடத்தில் கூழாகிவிடும். கால் பங்குக்கு மேல் போகாதீர்கள். அந்தக் கால் பங்கு கரைந்து மற்றத் துண்டுகளுக்கு நடுவே சாஸ்போல நிற்கும், அது நல்லதுதான். ரெட் டெலிஷியஸ் எந்த வகையிலும் வேண்டாம். புளிப்பு இல்லை, வெந்தால் பஞ்சு.

கரூர்ப்பெண்:

அப்ப இங்க நாங்க என்ன பண்றது? சிம்லா ஆப்பிள்னு விக்கறதே டெலிஷியஸ் வகைதானே அண்ணா?

கோத்தகிரி_கிச்சன்:

ஆமாம், அதேதான். கோட்கர் பக்கம் அமெரிக்கரான சாமுவேல் ஸ்டோக்ஸ் கொண்டுவந்து நட்ட டெலிஷியஸ் வகையிலிருந்து பரவியதுதான் இமாச்சலப் பழத்தில் பெரும்பகுதி. அதற்காகக் கைவிட வேண்டியதில்லை. ஆகஸ்ட், செப்டம்பரில் புதுப் பழம் வரும்போது கெட்டியாக இருக்கும், அப்போது செய்யலாம். பிப்ரவரிக்கு மேல் குளிர்கிடங்கிலிருந்து வருவது பளபளப்பாக இருந்தாலும் உள்ளே மாவாகிக் கிடக்கும். காம்புப் பக்கம் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், குழி விழுந்தால் வேண்டாம்.

அளவில் மாற்றம்: சர்க்கரையை 60இலிருந்து 35 கிராமாகக் குறையுங்கள், எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டியாக ஏற்றுங்கள். சீவலாக வெட்டாமல் 2 செ.மீ. கட்டங்களாக வெட்டுங்கள். கையில் காசு இருந்தால் பாதிக்கு இறக்குமதிப் பச்சை ஆப்பிள் சேர்க்கலாம், அது கிரானி ஸ்மித்தான்.

மென்மையான ஆப்பிளைக் குலையாமல் காப்பாற்ற ஒரு வழி இருக்கிறது. வெட்டிய துண்டுகள்மேல் ஒன்றரை லிட்டர் கொதிநீரை ஊற்றி, மூடி, 10 நிமிடம் வையுங்கள். பிறகு நன்றாக வடித்துத் துணியில் பரப்பி ஈரம் போக்குங்கள். பழம் பட்டதும் நீரின் சூடு 70 டிகிரியை ஒட்டி இறங்கிவிடும். அந்தச் சூட்டில் ஆப்பிளிலேயே உள்ள ஒரு என்சைம் வேலை செய்து, பெக்டின் (பழத்தின் சதையைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பொருள்) கால்சியத்தோடு பிணைந்து உறுதியாகும். அதன்பிறகு 180 டிகிரி ஓவனில் 45 நிமிடம் இருந்தாலும் துண்டு துண்டாகவே நிற்கும். அடுப்பில் வைத்துக் கொதிக்க விட்டால் இந்தப் பலன் கிடைக்காது, நேரே கூழ்தான்.

ஒண்டாரியோக்காரன்:

கொதிநீர் முறை வேலை செய்யும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மணமும் கொஞ்சம் நீரோடு போய்விடும். நல்ல ரகம் கிடைக்கும் இடத்தில் அது தேவையில்லாத வேலை.

நெய்ச்சோறு:

மேல்மாவுக்கு வெண்ணெயை உருக்கி ஊற்றினால் என்ன தப்பு? எத்தனையோ செய்முறையில் அப்படித்தான் இருக்கு. விரலால் பிசிறி நேரம் போக்கறதுக்குப் பதிலா உருக்கி ஊத்தி முள்கரண்டியால் கிளறினா ரெண்டு நிமிஷத்துல வேலை முடியும். சென்னை வெயில்ல வெண்ணெய் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே உருகிடுது, அப்புறம் என்ன குளிர்ந்த வெண்ணெய்?

மாவுக்கரண்டி:

தப்பில்லை, பலன் வேறு. குளிர்ந்த வெண்ணெய் ஓவனில் உருகும்போது அதிலுள்ள ஈரம் ஆவியாகி, இருந்த இடத்தில் சின்னச் சின்ன இடைவெளி விடும். அதனால் மேல்மாவு உதிரியாக, லேசாக இருக்கும். உருக்கி ஊற்றினால் மாவு முழுக்க ஒரே சீராகக் கொழுப்பு ஏறி, கட்டி கட்டியாக, கிட்டத்தட்ட குக்கீபோல இறுகும். கடிக்க அதுவும் நன்றாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் உருக்கும் முறைக்கு 110 கிராம் அதிகம், 90 போதும். அதே 110ஐ உருக்கி ஊற்றினால் மேலே ஒரே தகடாகப் பரவிவிடும், ஆவி வெளியேற வழி இருக்காது. அடியில் தண்ணீர் தேங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வெயில் நாளுக்கு: மாவு, ஓட்ஸ், சர்க்கரை கலந்த கிண்ணத்தையே 20 நிமிடம் ஃப்ரீசரில் வையுங்க. வெண்ணெயை உறைந்த நிலையில் கேரட் துருவியில் துருவிப் போட்டுக் கிளறினால் விரலே தேவையில்லை.

நெய்ச்சோறு:

துருவி யோசனை அருமை. நெய் போட்டா?

கோத்தகிரி_கிச்சன்:

போடலாம், அளவு மாறும். வெண்ணெயில் 80 முதல் 82 சதவீதம்தான் கொழுப்பு, மீதி பெரும்பாலும் தண்ணீர். நெய்யில் தண்ணீர் கிட்டத்தட்ட இல்லை. 110 கிராம் வெண்ணெய்க்கு 90 கிராம் நெய் சரியாக இருக்கும். நெய்யை ஃப்ரிட்ஜில் வைத்துக் கெட்டியாக்கிப் பிசிறணும், உருகிய நெய் ஊற்றினால் மணல்போல் உதிரும், கட்டி நிற்காது. நிற்கவில்லை என்றால் ஒரு மேசைக்கரண்டி குளிர்ந்த பால் தெளித்துப் பிசிறுங்கள். வாசனை பட்டையை அமுக்கிவிடும், அதனால் பட்டையைக் குறைத்து ஏலக்காய் போடுவது பொருந்தும்.

கடையில் கிடைப்பது உப்பு வெண்ணெய் என்றால் மேல்மாவில் வேறு உப்பு வேண்டாம்.

பிரவுன் சுகருக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை சம அளவில் போடலாம். சல்லடையில் சலித்துவிட்டுப் போடுங்கள், உருண்டையாக நின்ற இடம் கருகும். சில நாட்டுச்சர்க்கரை ரொம்ப ஈரமாக இருக்கும், அப்போது மைதா ஒரு மேசைக்கரண்டி கூட்டணும். கருப்பட்டி சுவை ஆப்பிளை விழுங்கிவிடும், வாழைப்பழ கிரிஸ்ப்புக்கு வேண்டுமானால் பார்க்கலாம்.

சேலம்_ஸ்பேட்டுலா:

28 லிட்டர் ஓடிஜியில் (மேசைமேல் வைக்கும் சின்ன மின்சார ஓவன்) செய்பவர்கள் இதைக் கவனிங்க. மேல் கம்பிக்கும் தட்டுக்கும் இடைவெளி கம்மி. 180 வைத்தால் 20 நிமிடத்தில் மேலே கருகும், பழம் வேகாது. கம்பித்தட்டைக் கீழ்த்தளத்தில் வைங்க, இரண்டு கம்பியும் எரியட்டும், சிவந்ததும் ஃபாயிலைத் தளர்வாக மேலே போடுங்க. நாலு பக்கமும் இறுக்கி மூடினா ஆவி உள்ளேயே சுற்றி மேல்மாவை அவிச்சிடும். ஓடிஜி டயலில் 180 என்று இருப்பது உள்ளே 160ஆகவும் இருக்கலாம், 200ஆகவும் இருக்கலாம். ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி உள்ளே தொங்க விடுங்க, கிரிஸ்ப்புக்கு மட்டுமில்லை, எல்லாத்துக்கும்.

இன்னும் உறுதியான வழி: பழத்தை மட்டும் ஃபாயில் மூடி 20 நிமிடம் வேகவிடுங்க. பிறகு மேல்மாவைத் தூவி, திறந்தபடி 25 முதல் 30 நிமிடம். பழமும் வேகும், மாவும் ஊறாது. மேல்மாவு அதுவரை ஃப்ரிட்ஜில் இருக்கணும்.

கன்வெக்ஷன் மைக்ரோவேவ்: கன்வெக்ஷன் மோடில் மட்டும், தாழ்ந்த ஸ்டாண்ட், 165 டிகிரி. காற்றாடி சுற்றுவதால் சூடு குறைத்துத்தான் வைக்கணும். மைக்ரோவேவும் சேர்ந்து ஓடும் காம்பி மோடு வேண்டாம், மைக்ரோவேவ் அலை பழத்தைச் சட்டென்று கொதிக்கவைத்துச் சாற்றை மேலே தள்ளிவிடும்.

நெய்ச்சோறு:

தட்டு எது? அலுமினியம் போதுமா?

சேலம்_ஸ்பேட்டுலா:

கேக் டின் அலுமினியம் என்றால் கூடாது. பழப்புளிப்பு உலோகத்தோடு சேர்ந்து வாயில் ஒரு இரும்புச் சுவை தட்டும். கண்ணாடியோ பீங்கானோ நல்லது. கண்ணாடியில் ஓரக் கொப்புளம் கண்ணுக்குத் தெரியும், அது கூடுதல் லாபம். ஆனால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கண்ணாடியைச் சூடான ஓவனில் வைக்காதீங்க, வெடிக்கும். அறைச்சூட்டுக்கு வந்த பிறகு வைங்க. சூடான தட்டை ஈரக் கல்மேடையில் வைத்தாலும் அதே கதிதான், மரப்பலகையோ மடித்த துணியோ போடுங்க.

20 செ.மீ. வட்டத் தட்டு மட்டும்தான் இருக்குன்னா, சதுரத்தைவிட அது ஐந்தில் ஒரு பங்கு சிறிசு. 800 கிராம் பழம் போதும். தட்டை விளிம்பு வரை ரொப்பினா பாகு பொங்கி அடிக்கம்பியில் கொட்டிப் புகையும். 1 செ.மீ. வாய் விடுங்க, கீழே ஒரு டிரே வைங்க. 23-க்கு 33 செ.மீ. பெரிய தட்டுக்கு எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கலாம், நேரம் 10 நிமிடம் கூடும்.

புளூபெர்ரி_டாலஸ்:

பெர்ரி பழங்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது. உறைந்த புளூபெர்ரி 700 கிராமுக்கு கார்ன்ஃப்ளார் இரண்டரை மேசைக்கரண்டி வேண்டும், சர்க்கரை 80 கிராம். உருக விடாமல் உறைந்தபடியே போட்டு நேரத்தை 15 நிமிடம் கூட்டுங்கள். உருக வைத்தால் சாறெல்லாம் தட்டின் அடியில் போய்ச் சேரும். ஸ்ட்ராபெர்ரி மட்டும் தனியாகப் போட்டால் ஏமாற்றம்தான், எவ்வளவு ஸ்டார்ச் போட்டாலும் வழவழ என்றாகும். ருபார்போடு (புளிப்பான தண்டுள்ள ஒரு செடி) பாதிப் பாதி சேர்த்தால் சரியாக இருக்கும். ருபார்பில் தண்டு மட்டும்தான் உணவு, இலையை வெட்டி எறிந்துவிடுங்கள், அது நச்சு. பீச் பழத்துக்கு 1 கிலோவுக்கு கார்ன்ஃப்ளார் 2 மேசைக்கரண்டி. கொதிநீரில் அரை நிமிடம் போட்டு ஐஸ் தண்ணீருக்கு மாற்றினால் தோல் கழன்று வரும்.

இங்கே அமெரிக்காவில் கேட்டு வாங்க வேண்டியது கார்ன் ஸ்டார்ச். கார்ன்ஃப்ளார் என்று இங்கே விற்பது மஞ்சள் மக்காச்சோள மாவு, அது சரியாகக் கெட்டியாக்காது, நறநறக்கும்.

கரூர்ப்பெண்:

மாம்பழம், அன்னாசில எல்லாம் பண்ணலாமா? கொடைக்கானல் போனா பேரிக்காயும் பிளம்ஸும் கிடைக்கும்.

கோத்தகிரி_கிச்சன்:

பிளம்ஸ் முதல் இடம். தோல் உரிக்க வேண்டாம், நாலாகப் பிளந்து கொட்டை எடுங்கள். கார்ன்ஃப்ளார் 2 மேசைக்கரண்டி, சர்க்கரை 100 கிராம், எலுமிச்சை வேண்டாம். அதன் தோல்தான் அந்தச் சிவப்பு நிறத்தையும் புளிப்பையும் கொடுக்கிறது.

மலைப் பேரிக்காய் கல்லு மாதிரி இருக்கும். மேலே சேலத்து நண்பர் சொன்ன, பழத்தை முதலில் மூடி வேகவைக்கும் முறைதான் அதற்குச் சரி, ஆனால் 30 நிமிடம். சுக்குத்தூள் அரைத் தேக்கரண்டி போடுங்கள்.

அன்னாசியை வாணலியில் 8 நிமிடம் நீர் வற்ற வதக்கிவிட்டுத்தான் தட்டில் போடணும். மாம்பழத்தில் எனக்கு முழு திருப்தி இல்லை. பங்கனப்பள்ளி சற்றுக் காயாக இருக்கும்போது, சர்க்கரையே இல்லாமல், நிறைய எலுமிச்சையோடு, 30 நிமிடம் மட்டும். நன்றாகப் பழுத்ததை வேகவைப்பது பழத்துக்குச் செய்யும் துரோகம்.

மாவுக்கரண்டி:

ஓவனே இல்லாதவர்களும் கேட்டிருந்தார்கள். மேல்மாவைத் தனியாக அடிகனமான வாணலியில், சிறுதீயில், 12 முதல் 15 நிமிடம் கிளறிக்கொண்டே வறுங்க. சர்க்கரையைக் கடைசி 5 நிமிடத்தில்தான் சேர்க்கணும், முதலிலேயே போட்டால் அடிப்பிடிக்கும். தட்டில் பரப்பி ஆற விட்டால் மொறுமொறுக்கும். ஆப்பிளை வேறு பாத்திரத்தில் கொஞ்சம் வெண்ணெயில் 10 நிமிடம் வதக்கி, கார்ன்ஃப்ளாரை இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து ஊற்றி, கொதித்துக் கெட்டியாகும் வரை விடுங்க. பரிமாறும்போது கிண்ணத்தில் பழம், மேலே மாவு. ஓவனில் வருகிற, அடியில் பாகு குடித்து மேலே உலர்ந்த அந்த நடு அடுக்கு இதில் கிடையாது. மற்றபடி குறை சொல்ல முடியாது.

நெய்ச்சோறு:

விருந்துக்கு முந்தின நாளே தட்டுல அடுக்கி ஃப்ரிட்ஜ்ல வச்சுக்கலாமா?

சேலம்_ஸ்பேட்டுலா:

வேகவைக்காமல் அடுக்கி வைக்காதீங்க. சர்க்கரை ராத்திரி முழுக்கப் பழத்திலிருந்து சாற்றை இழுக்கும், மேல்மாவு அதைக் குடிச்சிடும். மேல்மாவை மட்டும் முன்னாடியே பிசிறி, டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் இரண்டு மாதம் வரை வைக்கலாம். உறைந்தபடியே தூவலாம். பழம் அன்றைக்கே வெட்டுங்க.

வேகவைத்தது மிஞ்சினால் ஃப்ரிட்ஜில் மூன்று நாள். சூடாக்க மைக்ரோவேவ் வேண்டாம், மேல்மாவு துவண்டுபோகும். ஓவனில் 170 டிகிரியில் மூடாமல் 15 நிமிடம், ஏர் ஃப்ரையரில் 160இல் 5 நிமிடம்.

புளூபெர்ரி_டாலஸ்:

வேகவைத்ததை ஃப்ரீசரில் வைக்க நினைப்பவர்கள் கார்ன்ஃப்ளாருக்குப் பதில் அதே அளவு மரவள்ளி ஸ்டார்ச் போடுங்கள். கார்ன்ஃப்ளார் உறைந்து உருகும்போது நீர் பிரித்து விடும், மரவள்ளி அவ்வளவாக விடாது. ஜவ்வரிசியை மிக்ஸியில் நைசாக அரைத்துச் சலித்தாலும் போதும். திரிதிரியாக இருந்தால் வேகாமல் முத்து முத்தாகத் தெரியும்.

கரூர்ப்பெண்:

கோதுமை ஒத்துக்காதவங்களுக்கு மைதாவுக்குப் பதில் என்ன போடலாம்?

மாவுக்கரண்டி:

பச்சரிசி மாவு 60 கிராம், பாதாம் பொடி 40 கிராம். அரிசி மாவு மட்டும் போட்டால் மொறுமொறுப்பு அதிகம், ஆனால் வாயில் மணல் தட்டும், பாதாம் அதைச் சரிசெய்யும். பாதாம் சீக்கிரம் சிவக்கும், 35ஆவது நிமிடத்திலேயே ஒரு முறை எட்டிப் பாருங்க. சீலியாக் (கோதுமையிலுள்ள குளூட்டன் புரதம் குடலைப் பாதிக்கும் நோய்) உள்ளவர்களுக்கு என்றால் ஓட்ஸையும் குளூட்டன் இல்லாதது என்று முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்கணும். சாதாரண ஓட்ஸ் பெரும்பாலும் கோதுமையோடு ஒரே ஆலையில் அரைபட்டு வரும்.